திருகோணமலையில் ஒரு மாலை: பேய்க்கதை நடை எப்படி நடக்கிறது?

[காட்சி: பிரட்ரிக் கோட்டை வாயில். மாலை ஆறு மணி. தூரத்தில் கோவில் மணி.]

திருகோணமலையில் சூரியன் நிலத்தின் பக்கம் இறங்குகிறது. நிலவு கடலிலிருந்து எழுகிறது. உள்துறைமுகத்துக்கு அப்பாலுள்ள மேடுகளின் பின்னால் பொழுது சாயும்போது, கிழக்கே திறந்த கடல் நமக்கு முன்னதாகவே கறுத்துவிடும். கோட்டைச் சுவரின் மேற்பகுதியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தங்கி நிற்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் நமது நடை தொடங்குகிறது. பெரியவர்கள் "விளக்கு வைக்கிற நேரம்" என்று சொல்லும் பொழுது இது. தலைவிரித்துக்கொண்டு வெளியில் நிற்காதே, குழந்தையைச் சந்திக்குக் கொண்டுபோகாதே என்று நம்மை வளர்த்தவர்கள் விலக்கி வைத்த அதே நேரத்தில், ஒரு வழிகாட்டியின் பின்னால் பத்துப் பேர் கைவிளக்குடன் பழைய நகரத்துக்குள் நடந்து, அங்கு வழங்கும் பேய்க்கதைகளை அந்தந்த இடத்திலேயே நின்று கேட்பதுதான் பேய்க்கதை நடை.

இந்த வழக்கம் ஒழுங்கான நிகழ்ச்சியாக உருப்பெற்ற இடங்களில் முதன்மையானது இங்கிலாந்தின் யோர்க் நகரம். அங்கே 1973இல் தொடங்கிய மாலை நடை இந்த வகையில் மிகப் பழையது என்று கருதப்படுகிறது. அந்நகரில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதையைக் கேட்டால், இந்த நடைகளின் சூட்சுமம் விளங்கும். 1953இல் ஒரு பழைய மாளிகையின் நிலவறையில் குழாய் பொருத்திக்கொண்டிருந்த இளம் தொழிலாளி ஒருவர், சுவருக்குள்ளிருந்து உரோமானியப் படைவீரர்கள் வரிசையாக வெளியே வருவதைக் கண்டதாகச் சொன்னார். அவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். அந்த நிலவறையின் தரைக்குக் கீழே உண்மையாகவே ஒரு பழைய உரோமானியச் சாலை இருந்தது. வீரர்கள் தங்கள் காலத்துத் தரையில் நடந்தார்கள் என்பதே கேட்பவர் மனத்தில் பதிகிற விளக்கம். பேயை நம்பாதவருக்கும் இந்தக் கதை ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது: நாம் நிற்கும் தரைக்குக் கீழே இன்னொரு தரை இருக்கிறது.

திருகோணமலையில் அதைத் தோண்டிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. கோட்டை வாயிலிலேயே அது கண்ணுக்குத் தெரிகிறது.

[காட்சி: வாயிற்கல்லின் மீன் சின்னம், மிக அருகில்.]

வாயிலின் பக்கக் கல்லில் மீன் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அருகே சிதைந்த தமிழ் எழுத்துகள். போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோவிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். கோவிலில் இருந்த கல் கோட்டையின் வாயிலாயிற்று. "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் அந்த வாசகம், குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் இந்தக் கோவிலுக்குச் செய்த திருப்பணியைப் பிற்காலத்தில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என்று முன்னறிவிப்பதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. கல்லில் எஞ்சியிருப்பது சில எழுத்துகள்தாம். ஊரில் வழங்கும் பாடல் அதைவிட நீளமானது. பறங்கிக்குப் பின் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள் என அது சொல்லிக்கொண்டு போகிறது. ஆட்சி மாற்றங்களைக் கண்களின் நிறத்தால் எண்ணிய ஒரு பாடல்! நல்ல வழிகாட்டி இந்த இடத்தில் அவசரப்படமாட்டார். கல்லில் இருப்பது எது, ஊர்வாய்மொழியில் வளர்ந்தது எது என்பதைப் பிரித்துச் சொன்ன பிறகே உள்ளே அழைத்துச் செல்வார்.

உள்ளே நுழைந்ததும் கைவிளக்கை மரங்களின் பக்கம் திருப்பினால், இருட்டில் இரண்டிரண்டாகக் கண்கள் எரியும். முதல் முறை வருபவர் ஒரு கணம் நின்றே விடுவார். அவை கோட்டைக்குள் சுதந்திரமாகத் திரியும் புள்ளிமான்கள். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. ஒருமுறை கண்ணுக்குள் போன வெளிச்சம் அதில் பட்டு மீண்டும் வெளியே வருவதால், குறைந்த ஒளியிலும் மானுக்குப் பார்வை கிடைக்கிறது, நமக்கு அந்தக் கண் தணல் போலத் தெரிகிறது. மனிதக் கண்ணில் அந்தப் படலம் இல்லை. இருட்டுக்கு நமது கண் நன்றாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் தேவைப்படுகின்றன. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கோல் வடிவக் கலங்கள் விழித்திரையின் நடுப்புள்ளியில் இல்லை. அதைச் சுற்றியே உள்ளன. அதனால்தான் கடைக்கண்ணில் தெரிந்த வெள்ளை உருவம், திரும்பி நேராகப் பார்த்தவுடன் மறைந்துபோகிறது. "கண்டேன், ஆனால் திரும்பிப் பார்க்கக் காணவில்லை" என்று சாட்சி சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கண் அப்படித்தான் அமைந்திருக்கிறது. இந்த நடைக்கு வருகிறவர்கள் கைத்தொலைபேசியின் விளக்கை அடிக்கடி எரியவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்வதும் இதற்காகத்தான். ஒருமுறை எரிந்தால், பழகிய கண் மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டும்.

மேலே ஏறும் வழியில் வெல்லெஸ்லியின் பெயரால் அறியப்படும் ஒரு பழைய வீடு உண்டு. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர், இங்கே நோயுற்றுத் தங்கியதால்தான் மூழ்கவிருந்த கப்பலில் ஏறாமல் தப்பினார் என்பது ஊர்க்கதை. அவர் 1800ஆம் ஆண்டின் இறுதியில் திருகோணமலைக்கு வந்தது உண்மை. கப்பல் மூழ்கியதும் உண்மை. ஆனால் அவர் நோயில் விழுந்தது பம்பாய்க்குப் போன பிறகு. காய்ச்சலை மட்டும் ஊர் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

[காட்சி: கோவில் வீதி, விளக்குகள், பூக்கடைகள். பின்னர் இராவணன் வெட்டு. அலையின் ஒலி மட்டும்.]

இன்றைய கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையின் உச்சிக்கு வந்தவுடன் எவரும் முதலில் கேட்பது கடலைத்தான். இராவணன் வெட்டு என்று அழைக்கப்படும் பிளவுக்குள் அலை புகுந்து, அங்கே அடைபட்ட காற்றை அமுக்கிப் பின்வாங்கும்போது எழுகிற ஒலி, ஒரு நேரம் முனகலாகவும் ஒரு நேரம் யாரோ கீழே நின்று கூப்பிடுவதாகவும் மேலே கேட்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்தத் தலத்தைப் பாடிய திருஞானசம்பந்தர் இதைக் "குரைகடல்" என்றார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அதே கடல் அதே பாறையில் குரைத்துக்கொண்டிருக்கிறது. பாறை விளிம்பில் தொட்டில் கட்டி வேண்டுதல் வைக்கும் பெண்களும் இந்த ஒலிக்கு நடுவேதான் நின்று கும்பிடுகிறார்கள்.

இந்த உச்சியில்தான் திருகோணமலையின் மிகப் புகழ்பெற்ற ஆவிக்கதை இருக்கிறது. பழைய கோவிலின் தூண் என்று கருதப்படும் ஒரு கல்தூணில், பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண்ணின் பெயரும் 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதியும் பொறிக்கப்பட்டிருந்தன. காதலன் அவளைக் கைவிட்டுக் கப்பலேறிப் போக, அந்தக் கப்பல் மலையைக் கடக்கும் வேளையில் அவள் இங்கிருந்து கடலில் குதித்தாள் என்று கதை சொல்கிறது. நிலாக் காலத்தில் வெள்ளை உடையுடன் அவள் விளிம்பில் நிற்பாள் என்பது கதையின் வால்.

எங்கள் குழுவை அழைத்துச் சென்ற முதியவர் இதை மிக நன்றாகச் சொன்னார். கப்பலின் பாய் விரிவதையும் அவளுடைய கால் பாறையில் வழுக்குவதையும் கண்முன் கொண்டுவந்தார். அவர் முடித்ததும், கூட்டத்தில் இருந்த ஒரு சிறுமி மெதுவாகக் கேட்டாள்:

"தாத்தா, அந்த அக்கா இப்பவும் இங்க நிக்கிறாவா?"

"இல்லைப் பிள்ளை. அவ பிறகு தன்ரை நாட்டுக்குப் போய், கலியாணம் கட்டி இருந்தவ."

அவர் சொன்னது சரி. ஒல்லாந்துக் கம்பனியின் உயர் அதிகாரியான ஹென்ட்ரிக் வான் ரீட்டின் வளர்ப்பு மகளே பிரான்சினா. மலபார்த் தாவரங்களைப் பற்றிய பெருந்தொகுதியை உருவாக்கியவர் ஹென்ட்ரிக். 1691இல் கடற்பயணத்தின்போது இறந்து, சூரத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மகளோ ஐரோப்பாவுக்குத் திரும்பி, 1695இல் திருமணம் செய்துகொண்டார். அதாவது, குதித்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின்.

இங்கேதான் நான் நெடுநேரம் நின்று யோசித்தேன். தமிழர் வழக்கில் ஆவி அலைவதற்கு ஒரு காரணம் உண்டு. காலம் முடியுமுன் இறந்தவருக்கும், இறுதிக் கடன் கழிக்கப்படாதவருக்கும்தான் போக்கிடம் இல்லை என்பது நம்பிக்கை. அதனால்தான் இறந்தவருக்கான சடங்குகளாகிய எட்டுச் செலவும் 31ஆம் நாள் அந்தியேட்டியும் இத்தனை கவனமாகச் செய்யப்படுகின்றன. இராவணன் தன் தாய்க்குக் கடன் கழிப்பதற்காக உண்டாக்கியவை என்று ஐதிகம் சொல்லும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு, இன்றும் இறந்தவருக்காக மக்கள் போவதும் அதற்காகத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் பிரான்சினா அலைவதற்கு ஒரு நியாயமும் இல்லை. இந்த ஊரின் பெயர்பெற்ற பேய், இந்த ஊரில் சாகாத ஒருத்தி.

மறுபுறத்தில், இந்த ஊரோடு தொடர்புள்ள உண்மையான இறப்புகளைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. தாக்குதல் வரும் என்று அறிந்து இந்தத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 300க்கும் மேற்பட்ட மாலுமிகளுடன் மூழ்கியது. நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த சுமார் 300 பேர் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். நகருக்குள் உள்ள புனித ஸ்தேவான் கல்லறையில், 1852இல் பர்மாப் போரின்போது வாந்திபேதியால் இறந்த கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஆஸ்டின் கிடக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி அவர். இவர்களில் எவரைப் பற்றியும் ஊரில் பெரிதாகப் பேய்க்கதை இல்லை. பெயரும் கல்லும் பதிவும் உள்ள இறப்பைச் சுற்றிக் கதை வளர்வது கடினம் என்று நினைக்கிறேன். இடைவெளி உள்ள இடத்தில்தான் கதை முளைக்கிறது.

இடிக்கப்பட்ட பழைய கோவிலிலிருந்து மண்ணிலும் கடலிலும் மறைந்தது திரும்பியும் வந்திருக்கிறது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய கோவிலின் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் இந்த மலையடிக் கடலில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடியபோது இடிந்த கோவிலின் தூண்களைக் கண்டார்கள். 1963இல் புதுக் கோவிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. யோர்க்கின் வீரர்களுக்குத் தரைக்குக் கீழே சாலை இருந்ததைப் போல, நமது காலுக்குக் கீழே கடலுக்குள் ஒரு கோவில் கிடக்கிறது. மலையுச்சியில் நின்று இதைச் சொல்லிக் கேட்கும்போது மயிர் கூச்செறிகிறது. அதற்குப் பேய் எதுவும் தேவைப்படவில்லை.

[காட்சி: இறங்கும் வழி. எழுத்துகள் திரையில்.]

நடைக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால், வாயிலில் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். படம் எடுப்பதற்கு முன் வழிகாட்டியைக் கேளுங்கள். கோவில் வளாகத்தில் செருப்பைக் கழற்றுவதோடு கதையையும் நிறுத்திக்கொள்வது முறை. அங்கே வழிபட வந்திருப்பவர்களுக்கு நமது நிகழ்ச்சி இடைஞ்சலாகிவிடக் கூடாது. மாலைப் பூசை முடிந்து கோவில் சாத்தும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் பாறை வழுக்கும், கடலும் கொந்தளிக்கும். சித்திரை முதல் ஆவணி வரை நல்ல காலம். வேலிக்கு அப்பால் ஒருவரும் போகக் கூடாது. முழுநிலா நாளுக்கு மறுநாள் மாலை கிடைத்தால் விடாதீர்கள். நன்றாக இருட்டிய பிறகு கடலுக்குள்ளிருந்து நிலவு செம்மஞ்சளாகக் கிளம்புவதை மலையிலிருந்தே பார்க்கலாம்.

[காட்சி: டச்சுக் குடாக் கடற்கரை. கச்சான் வண்டியின் விளக்கு. இசை இல்லை.]

நடை டச்சுக் குடாக் கடற்கரையில் முடிகிறது. பிள்ளைகள் மணலில் ஓடுகிறார்கள், கச்சான் வறுக்கும் மணம் வருகிறது. இங்கேயும் ஒரு கதை வேண்டும் என்று எங்கள் குழுவில் ஓர் இளைஞர் கேட்டார். முதியவர் தலையை அசைத்து மறுத்தார்.

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை இந்தக் கடற்கரையோரம், காந்தி சிலைக்கு அருகில், ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன், 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, இந்த மாவட்டத்தின் கரையோரம் முழுவதும் கடல் உள்ளே வந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. இப்படிப் பறிபோன பிள்ளைகளின் தாய்மார் பலர் இந்த நகரில் இருக்கிறார்கள். திதி நாளில் படத்துக்கு மாலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை எவரும் பேயாகச் சொல்லிக் காசு வாங்க முடியாது. சொன்னால் அந்த வழிகாட்டியுடன் நீங்கள் நடக்க வேண்டாம்.

முதியவர் தன் கைவிளக்கை அணைத்தார். நாங்களும் அணைத்தோம். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். குடாவுக்கு வெளியே மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. அவர் அவற்றை விரலால் எண்ணி, "பதினொன்று" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.