மரத்தரையை இழைக்காமலே புதுப்பிக்கலாம்

[திரையில்: மண்ணடியில் ஒரு பழைய வீட்டு மாடி. கதவிலிருந்து ஜன்னல் வரை வெளிறிய தடம்.]

வணக்கம். மண்ணடி, ராயபுரம் பக்கம் சில பழைய வீடுகளில் மாடிக்கு இன்னும் மரப்பலகைத் தரைதான். ஆள் நடக்கிற இடம் வெளுத்துக் கிடக்கும். பீரோவுக்கு அடியில் மட்டும் பளபளவென்று இருக்கும். ஆசாரியைக் கூப்பிட்டால், மெஷின் வைத்து மொத்தமாக இழைத்துவிடலாம் என்பார். அவசரப்படாதீர்கள். இழைக்கிற ஒவ்வொரு தடவையும் பலகை கொஞ்சம் மெலியும். பல வீடுகளில் தேய்ந்திருப்பது மரம் இல்லை, மேலே இருக்கும் பூச்சுதான்.

[திரையில்: தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர், அருகிலிருந்து.]

ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பாருங்கள். உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. மரம் குடித்துக் கறுத்தால், அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது. அங்கங்கே என்றால் சமாளிக்கலாம். அறை முழுக்க மரமே சாம்பல் பூத்திருந்தால் ஆசாரி சொன்னதுதான் சரி.

அப்புறம், மேலே இருப்பது என்ன பூச்சு? இது தெரியாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். கண்ணில் படாத மூலையில், பாலிஷ்காரர்கள் வாங்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் பழுப்பு ஏறினால், அது அரக்கு. ஊரில் ஸ்பிரிட் பாலிஷ் என்கிறோமே, அதுவேதான். இளகவில்லையா? டர்பன்டைன் தொட்ட வெள்ளைத் துணியால் தேயுங்கள். வழவழப்பாக மஞ்சள் அழுக்கு வந்தால் மெழுகு. இரண்டும் இல்லையென்றால் வார்னிஷ், அல்லது பியூ (பாலியூரிதேன்) பூச்சு.

அரக்காக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். எத்தனை வருடம் ஆனாலும் அரக்கு ஸ்பிரிட்டில் மறுபடி கரையும். புதிதாகப் போடுகிற அரக்கு பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப் போட்ட தடமே தெரியாது.

[திரையில்: பஞ்சை வேட்டித் துணியில் சுற்றி முடிச்சாக்கும் கை.]

பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கில் நனைத்துப் பிழிந்து, மர ரேகை போகும் திசையிலேயே இழுங்கள். முடிச்சு தரையைத் தொடும்போதே கை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு இடத்தில் தயங்கி நின்றால் அடிப்பூச்சு பிய்த்துக்கொண்டு வரும். வேலை முடியும்வரை பூஜை விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் எரியக் கூடாது. ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும்.

வார்னிஷும் பியூவும் இப்படி இளகாது. 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு மங்கும்வரை மட்டும் தேய்த்து, தூசியை ஒட்ட எடுத்து, மெல்லிசாக ஒரு கோட் பியூ போட்டால் போதும். மரம் வரை தேய்க்க வேண்டாம்.

மெழுகுத் தரைமேல் பியூ போட்டால் பிடிக்காது, உரிந்து வரும். என்னைக் கேட்டால், பேசாமல் மெழுகே பூசிவிடுங்கள்.

ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் இருக்கிறதா? இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள டானின் என்கிற துவர்ப்புப் பொருளும் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்த இடத்துப் பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தடவினால் கறுப்பு வெளுக்கும். பிறகு ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அது விஷம், கையுறை கட்டாயம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

எப்போது செய்வது? ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடவே தொடாதீர்கள். ஈரக்காற்றில் அரக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். தை, மாசி நல்லது. அதிலும் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம் கடற்காற்று எழுந்தால், துறைமுக ரோட்டு லாரிப் புழுதி முழுக்க ஈரப்பூச்சில் வந்து உட்காரும்.

காய்ந்த பிறகு பீரோவை இழுக்காமல் தூக்கி வையுங்கள். வாளி நிறைய ஃபினாயில் தண்ணீரைக் கொட்டி அலசுவது மொசைக்குக்குச் சரி, மரத்துக்கு ஆகாது. ஒட்டப் பிழிந்த துணி போதும்.