ஊசிக்கா பாடம் நடத்துகிறோம்?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, அவையோரே, வணக்கம். எனக்குக் கிடைத்திருப்பது 8 நிமிடம். வணக்கம் சொல்வதிலேயே பாதியைக் கரைக்க விருப்பமில்லை.

'குழந்தைகள் ஆங்கிலம் பேசப் பெரிதும் கைகொடுப்பது இலக்கணப் பயிற்சியா, வகுப்பறை விளையாட்டா?' என்பது தலைப்பு. நான் விளையாட்டு அணி. உண்மையைச் சொன்னால், என்னைப் பேச அழைத்தபோது எந்த அணி என்றே நான் கேட்கவில்லை. என் கையில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதைக்கு இடம் தருகிற அணி எதுவோ, அதுவே என் அணி. கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஓர் ஊசிக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு முன் பேசிய எதிரணி ஐயா என்ன சொன்னார்? "விளையாட்டு நடத்துகிற ஆசிரியையின் வகுப்பு சந்தைக்கடை. என் வகுப்பில் ஊசி விழுந்தால் ஓசை கேட்கும்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தே நின்று தட்டினார். நான் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, ஊசி விழும் ஓசை கேட்கிறது, ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையின் ஓசை எப்போது கேட்கும்? நடப்பது பேச்சு ஆங்கில வகுப்பு. ஆண்டு முழுவதும் அந்த அறையில் சத்தம் எழுப்பியவர்கள் இருவர். ஒருவர் நீங்கள், இன்னொருவர் அந்த ஊசி. ஆண்டு இறுதியில் வாய்மொழித் தேர்வு வைத்தால் ஊசி தேறிவிடும்.

கணக்கு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40 பிள்ளைகள், 40 நிமிட வகுப்பு. ஆசிரியர் வாயே திறக்காமல் ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தாலும் தலைக்கு ஒரு நிமிடம்தான். ஆசிரியர் வாயே திறக்காமல் இருப்பதாவது! பாதி நேரத்தை அவர் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது 30 நொடி. அதே 40 பேரை 20 ஜோடிகளாக உட்காரவையுங்கள். ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் இரண்டு படங்களை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். 'அடுத்தவர் படத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டே 6 வேறுபாடுகளைக் கண்டுபிடியுங்கள்' என்று சொல்லுங்கள். ஒரே நேரத்தில் 20 வாய்கள் பேசும். 10 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 நிமிடப் பேச்சு. இதைத்தான் ஐயா சந்தைக்கடை என்கிறார். ஆமாம், சந்தைக்கடைதான். சந்தையில்தானே ஐயா பேச்சு நடக்கிறது?

மௌனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்ட பிறகு வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து, 1970களில் ஒன்றைக் கண்டு சொன்னார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது ஏறத்தாழ ஒரே ஒரு நொடி. அதை 3 நொடியாக நீட்டியபோது, பிள்ளைகளின் விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். ஆகவே ஐயா, உங்கள் ஊசி விழட்டும். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் 3 நொடி விழட்டும். நாள் முழுவதும் விழுந்துகொண்டே இருந்தால் அது பள்ளிக்கூடம் இல்லை, தையற்கூடம்.

சரி, கதை.

'சைமன் சேஸ்' விளையாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'சைமன் சேஸ் டச் யுவர் நோஸ்' என்றால் மூக்கைத் தொட வேண்டும். சைமன் பெயரைச் சொல்லாமல் வெறுமனே 'டச் யுவர் நோஸ்' என்றால் அசையக் கூடாது. அசைந்தால் ஆட்டமிழப்பு. என் வகுப்பில் கூடுதலாக ஒரு விதி உண்டு. அசைந்தவரைப் பிடித்துக் கொடுப்பவர் 'சைமன் டிட் நாட் சே தட்' என்று முழு வாக்கியமாகச் சொன்னால்தான் செல்லும். இந்த விதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு. சைமன் சொல்லி 40 பேரும் எழுந்து நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. ஆய்வுக்கு வந்த அதிகாரி. நல்ல உயரம். இந்தக் கதையை இதற்கு முன் மூன்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மேடைக்கு மேடை அவர் ஓர் அங்குலம் வளர்ந்துகொண்டே வருகிறார். உள்ளே நுழைந்தவர், பிள்ளைகள் தமக்காகத்தான் எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கையைப் பெருந்தன்மையோடு அசைத்து, "சிட் டவுன்" என்றார்.

ஒருவர்கூட உட்காரவில்லை.

காதில் விழவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் உரக்க, "சிட் டவுன், சில்ட்ரன்" என்றார். 40 பேரும் விறைத்து நிற்கிறார்கள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறார்கள். 'எங்களிடமா?' என்கிற பார்வை. முன்வரிசைப் பையன் ஒருவனுக்கு மட்டும் முழங்கால் லேசாக மடங்கியது. பக்கத்தில் நின்றவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்பீர்கள். சைமனே நான்தான். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். தொண்டை திறந்தால்தானே? ஆய்வு அதிகாரி வந்து நிற்கும்போது எந்த ஆசிரியைக்குத் தொண்டை திறந்திருக்கிறது?

இதற்குள் தலைமை ஆசிரியர் வந்துவிட்டார். அவர் ஒரு குரல் கொடுத்தால் மாடி வகுப்பும் சேர்ந்து அடங்கும். நிலைமையைப் பார்த்தார். "சிட் டவுன்!" என்று ஓர் அதட்டல். பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. டீச்சர் எவ்வளவு பெரிய ஆட்களையெல்லாம் ஆட்டத்தில் சேர்த்திருக்கிறார்! இன்னும் நிமிர்ந்து நின்றார்கள். அதிகாரி தலைமை ஆசிரியரைப் பார்க்கிறார். தலைமை ஆசிரியர் என்னைப் பார்க்கிறார். நான் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்க்கிறேன்.

அப்போது ஒரு சிறுமி கையை உயர்த்தினாள். அதிகாரியின் இடுப்பு உயரம்கூட இல்லை. அவர் மேல் இரக்கப்பட்ட குரலில் சொன்னாள்: "சார், யூ டிட் நாட் சே சைமன் சேஸ்."

அவையோரே, இங்கே சற்று நிற்க வேண்டும். எதிரணி எழுதிக்கொள்ளட்டும் என்பதற்காக மீண்டும் சொல்கிறேன். 'யூ டிட் நாட் சே.' 'டிட் நாட் செட்' இல்லை. 'டிட்' முன்னால் வந்துவிட்டால், பின்னால் வருகிற வினைச்சொல் இறந்தகாலச் சட்டையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று நாம் எத்தனை பலகைகளில் எழுதியிருப்போம்? எழுதிப் போட்டவர்களே பேசும்போது 'டிட் நாட் கேம்' என்று சொல்வதை ஆசிரியர் அறையில் நான் கேட்டதே இல்லையா? எதிரணியில் யாரும் தலை குனிய வேண்டாம், பொதுவாகத்தான் சொன்னேன். இன்னொன்றையும் பாருங்கள். ஆட்டத்தில் அவள் சொல்லிப் பழகியது 'சைமன் டிட் நாட் சே தட்'. அன்றைக்கு அவள் சைமனை எடுத்துவிட்டு, எதிரில் நின்றவருக்கேற்ப 'யூ' போட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம். அவளே கட்டியது.

அதிகாரி என்ன செய்தார் தெரியுமா? ஒரு கணம் யோசித்தார். "சைமன் சேஸ், சிட் டவுன்" என்றார். 40 பேரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அந்த வேகத்தில் தலைமை ஆசிரியரும் உட்கார்ந்துவிட்டார்.

தலைமை ஆசிரியர் இதை ஆசிரியர் அறையில் சொல்லும்போது கதை வேறு மாதிரி இருக்கும். உட்கார்ந்தது அதிகாரி என்பார். நீங்கள் எதை நம்பினாலும் எனக்குச் சம்மதம்.

விளையாட்டு என்று பெயர் வைத்தால் எல்லாம் நல்லதாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு அந்தச் சிரமம் வேண்டாம். வாயைத் திறக்காமலே வெல்ல முடிகிற ஆட்டம் பேச்சுப் பயிற்சி ஆகாது. சைமன் ஆட்டத்திலும் ஒரு கோளாறு உண்டு. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் முதலில் ஆட்டமிழந்து ஓரத்தில் உட்காரும். அதனால் என் வகுப்பில் தோற்றவருக்குத்தான் அடுத்த சைமன் பதவி. கட்டளையை அவர் வாய்தான் சொல்ல வேண்டும். பைக்குள் ஒரு பொருளை மறைத்து வைத்து, 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் விடை வரும் 20 கேள்விக்குள் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'இஸ் இட்' என்று வினையை முன்னால் தூக்கிப் போடாமல் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. இலக்கணம் எங்கே என்று தேடுகிறார்களே, அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

"இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு" என்று இன்னொரு சொல்லும் வந்து விழுந்தது. 1979 முதல் 1984 வரை, பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்திப் பார்த்த திட்டத்துக்குப் 'பெங்களூர்த் திட்டம்' என்றே உலகம் பெயர் வைத்திருக்கிறது. இலக்கணத்தை வரிசைப்படுத்திப் பாடமாக வைக்காமல், வரைபடத்தையும் ரயில் கால அட்டவணையையும் கொடுத்து விடை கண்டுபிடிக்கவைத்தார். அவர் அதை விளையாட்டு என்று அழைக்கவில்லை. பிள்ளைகளைத் தங்களுக்குள் குழுவாகப் பேசவிட்டால் ஒருவர் பிழை இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தயங்கவும் செய்தார். அதைப் பற்றி எதிரணி பேசட்டும். எனக்கு வேண்டிய பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரே நிமிடம், ஐயா.

நான் படித்த வகுப்பிலும் ஊசி விழுந்தால் ஓசை கேட்கும். 12 காலங்களையும் தலைகீழாக ஒப்பிப்பேன். இலக்கணத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பட்டம் வாங்கிய கையோடு ஒரு வேலைக்கு நேர்காணல். துணைக்கு அம்மா வந்திருந்தார். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் சிரித்த முகத்தோடு, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி புரிந்தது. விடையும் தெரியும். எழுதச் சொல்லியிருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பேன். வாய் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். மீண்டும் கேட்டார். தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, போகலாம் என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மகள் குரல் கேட்கிறதா என்று மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் வெளியே வந்ததும் வேலை கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. "அவர் பேசுவது மட்டும்தானே கேட்டது? உன் பேச்சுச் சத்தமே வரவில்லையே அம்மா, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?" என்று என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

மணி அடித்துவிட்டது. நன்றி, வணக்கம்.