ஆழத்தை நம்பிக் காத்திருக்கும் ஊர்

(திருகோணமலையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். பெரியோர்களே, தம்பி தங்கைகளே,

எங்கள் ஊரில் எந்த மேடை ஏறினாலும் ஒரு வசனம் தவறாமல் வரும்: "உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களிடம் இருக்கிறது." அதற்குப் பிறகு பேச்சு இரண்டாகப் பிரியும். இதை வைத்தே இன்னொரு சிங்கப்பூர் ஆகலாம் என்பார் ஒருவர். இதை அந்நியனுக்கு விற்கப் பார்க்கிறார்கள் என்பார் இன்னொருவர். இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. துறைமுகம் ஒரு புதையல் என்ற ஒரே நம்பிக்கையில்தான் இருவருமே நிற்கிறார்கள். அந்த நம்பிக்கை எங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வைத்துவிட்டது.

இந்தத் துறை யாருக்கு, எதற்குத் தேவைப்பட்டது என்று பாருங்கள். பாய்க்கப்பல் காலத்தில், மாரி மழையும் காற்றும் தொடங்கினால் சோழமண்டலக் கரை முழுக்கப் பெரிய கப்பல் ஒதுங்க நல்ல இடம் கிடையாது. போர்க்கப்பல்களுக்கு ஒரு மறைவிடம் வேண்டும். அதற்காகத்தான் ஐரோப்பியர் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தது ஒரு கடற்படைத் தளத்தை. 1942 ஏப்ரல் 9 ஆம் தேதி யப்பானியக் குண்டுகள் இங்கே விழுந்ததும் அது தளமாக இருந்ததால்தான். பிரித்தானியர் 1957 இல் போனார்கள். தளம் போகவில்லை. இன்றும் கடற்படை இங்கே இருக்கிறது, சீனக்குடாவில் விமானப்படை இருக்கிறது.

வியாபாரம் வேறு கணக்கு. தெற்கே காலி நகரில் இயற்கைத் துறைமுகம் இருந்தது, தபால் கப்பல்கள் அங்கேதான் வந்தன. கொழும்பில் 1875 இல் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். பத்து வருடத்தில் சுவர் முடிந்தது, கப்பல்கள் கொழும்புக்குப் போய்விட்டன. இயற்கை கொடுத்த காலியை மனிதன் கட்டிய கொழும்பு தோற்கடித்தது. காரணம் என்ன? கோப்பியும் பின்னர் தேயிலையும் ரெயில் பாதையும் வங்கியும் தலைநகரமும் கொழும்பில் இருந்தன. ஹம்பாந்தோட்டையில் கரையைத் தோண்டித் துறைமுகம் அமைத்தார்கள். அங்கே ஆழத்துக்குக் குறைவில்லை, சரக்குக்குத்தான் குறைவு. 2017 இல் அது 99 வருடக் குத்தகைக்குப் போனது. கப்பல் ஆழத்தைத் தேடி வருவதில்லை, சரக்கைத் தேடி வருகிறது. சிங்கப்பூர் மலாக்கா நீரிணையின் வாசலில் இருக்கிறது. நாங்கள் அப்படியொரு வாசலில் இல்லை.

சரி, எண்ணெய்க் குதங்கள், அதாவது எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகள்? பிரித்தானியர் தங்கள் கப்பல்களுக்காகக் கட்டியவை. மிஞ்சியிருப்பவை 99. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே அவற்றைக் கூட்டாகப் புதுப்பிப்பது பற்றிப் பேச்சு இருக்கிறது. 2003 இல் ஒரு குத்தகை, 2022 ஜனவரியில் இன்னொரு உடன்படிக்கை: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. இத்தனை கையெழுத்துக்குப் பிறகும் பெரும்பாலானவை காட்டுக்குள் வெறுமையாக நிற்கின்றன. அவை உண்மையில் புதையலாக இருந்தால் அரை நூற்றாண்டுக்கு மேல் யாராவது சும்மா விட்டிருப்பார்களா? கொழும்பும் டெல்லியும் இதற்காகப் போடும் சண்டையைப் பார்த்து அதன் விலையை மதிப்பிடாதீர்கள். இன்னொருவர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற பயம் அது.

அந்தப் பயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் மக்கள். 2006 இல் குண்டுவீச்சில் ஓடினார்கள். போர் கிழக்கில் முடிந்த பிறகும் திரும்ப விடவில்லை. முதலில் உயர் பாதுகாப்பு வலயம், அப்புறம் சிறப்புப் பொருளாதார வலயம், அப்புறம் இந்திய அரசு நிறுவனத்தோடு சேர்ந்து நிலக்கரி அனல் மின்நிலையம். கிளிவெட்டி அகதி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வளர்ந்தார்கள். 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்ட பிறகுதான் சனம் தன் காணியைப் பார்த்தது. நிலக்கரித் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம், 2025 ஏப்ரலில் தொடக்க விழா. நிலக்கரியைவிடச் சூரியன் ஆயிரம் மடங்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த நான்கு கட்டத்திலும் அந்த ஊர்க்காரரிடம் "உங்கள் காணியில் என்ன செய்யலாம்?" என்று கேட்டு எதுவும் தொடங்கவில்லை. இது என் நெஞ்சை அறுக்கிறது.

மா அரைக்கும் ஆலையும் சீமெந்து ஆலையும் துறைமுகத்தால் வந்தவை, பலருக்குச் சோறு போடுகின்றன. அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் பெரும்பாலானவர்களின் அடுப்பு எரிவது வேறு இடத்திலிருந்து. தம்பலகாமத்து வயல், கிண்ணியாவின் எருமைத் தயிர், குச்சவெளிக் கரைவலை, நிலாவெளியில் ஆறு மாதச் சுற்றுலா, மத்திய கிழக்கிலிருந்து வரும் காசு. இவற்றைப் பற்றி எந்தப் பிரதமரும் விமானம் ஏறி வந்து கையெழுத்துப் போடுவதில்லை. மாடு வளர்ப்பவருக்கு மேய்ச்சல் தரை வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. டைனமைட்டும் சுருக்குவலையும் மீனைத் துடைத்தெடுக்கின்றன. சட்டம் இருக்கிறது, கரையில் அதை நிறைவேற்ற ஆளில்லை. புல்மோட்டை மணலை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இல்மனைட் என்ற கனிமத்தைப் பிரித்து அப்படியே கப்பலேற்றுகிறோம், அதை நிறப்பூச்சுக்கான பொருளாக்கும் வேலையும் லாபமும் வேறு நாட்டில்.

இதையெல்லாம் பேச வேண்டிய சபை எங்கே? கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் இது. மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 இல். 2017 இல் அதன் காலம் முடிந்தது, அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. துறைமுகத்துக்காகக் கொதிக்கும் எங்கள் அரசியல்வாதிகள், எல்லாச் சமூகத்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பூட்டிய இந்தச் சபைக்காக அந்தக் கொதிப்பில் பாதியையாவது காட்டியதுண்டா?

அப்படியானால் துறைமுகத்தை மூடிவிடவா என்று ஒரு தம்பி முன்வரிசையில் கேட்கிறார். வேண்டாம். கப்பல் வரட்டும், குதங்களை யாராவது நிரப்பினால் நிரப்பட்டும். எங்கள் எதிர்காலத்தை அதற்கு ஈடு வைக்காமல் இருந்தால் போதும்.

மாகாணத் தேர்தல் வரும்போது வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வருவார், குதத்தைக் காப்பாற்றுவேன் என்பார். அவரை உட்கார வையுங்கள். கிண்ணியாவின் மேய்ச்சல் தரைக்கு எல்லைக் கல் எப்போது நாட்டப்படும் என்று கேளுங்கள். சம்பூர் சூரிய மின்நிலைய உடன்படிக்கையைத் தமிழில் எங்கே வாசிக்கலாம் என்று கேளுங்கள். அந்த மின்சாரம் விற்கும் காசில் மூதூர் பிரதேச சபைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு திரும்பி வரச் சொல்லுங்கள்.

நன்றி.