வலி நின்றுவிட்ட பல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகர்களில் பல் மருத்துவரிடம் வருவோர் பலர், "பிடுங்கிவிடுங்கள், டாக்டர்" என்ற முடிவோடுதான் நாற்காலியில் அமர்கிறார்கள். பால்மரம் சீவுபவருக்கும் செம்பனைக் குலை அறுப்பவருக்கும் ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி என்பதால், ஒரே வருகையில் முடியும் சிகிச்சையை அவர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

சொத்தை ஆழமாக இறங்கும் முன் வந்தால், அரித்த பகுதியை நீக்கிப் பல்நிறப் பசையால் அன்றே அடைத்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த பற்கூழைக் கிருமிகள் எட்டும்போது, இரவில் உறங்கவிடாத வலி எழுகிறது. சில நாள்களில் அது தானாக அடங்கினால், கிராம்பு வைத்ததில் குணமாகிவிட்டது என்று நிம்மதி அடைகிறோம். உண்மையில் வலியை உணர்த்திய நரம்பே இறந்திருக்கக்கூடும். கிருமிகளோ வேர் நுனி வழியாகத் தாடை எலும்பை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். இறந்த பற்கூழில் இரத்த ஓட்டம் இல்லாததால், விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் அங்கே போய்ச் சேராது.

அத்தகைய பல்லையும் வேர் சிகிச்சையால் பெரும்பாலும் காப்பாற்றலாம். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேற்புறத்தில் துளையிட்டு, அழுகிய கூழை அகற்றி, மெல்லிய அரங்களால் வேர்க்கால்வாய்களைச் சீராக்கி, கிருமிநாசினியால் கழுவியபின், கட்டா பெர்ச்சா என்னும் பொருளால் அவற்றை அடைப்பார்கள். ரப்பரோடு வாழ்ந்த நமக்கு இது சுவையான செய்தி: கட்டா பெர்ச்சாவும் மரப்பால்தான், பிரேசிலிலிருந்து வந்த ரப்பரைப் போலன்றி, அம்மரம் இந்த மண்ணின் காட்டு மரம். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானதும் அதுவே. கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு கால்வாய்கள் இருப்பது இயல்பாதலால், சிகிச்சைக்குச் சில வருகைகள் தேவைப்படலாம். முடிந்தபின் பல்லின்மேல் செயற்கை உறை (கிரவுன்) போடாவிட்டால் அப்பல் பிளந்துபோக வாய்ப்புண்டு. ஆனால், முகம் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், கிளினிக்கில் முறைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

நிறம் மாறிய பற்களுக்கு வருவோம். வெற்றிலைக் கறையும் தேநீர்க் கறையும் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே படிவதால், பல்லைச் சுத்தம் செய்தாலே போகும். அடிபட்ட ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமானால், அது உள்ளே இறந்திருக்கலாம். வேர் சிகிச்சைக்குப் பின் உள்ளிருந்தே வெளுக்கச் செய்யலாம். சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து உண்டதால் ஏற்பட்ட கறை எளிதில் போகாது. வெளுக்கச் செய்யும் பெராக்சைடு மருந்து, செயற்கை உறையையும் அடைப்பையும் வெளுக்காது; ஆகவே, வெளுப்பும் உறையும் தேவைப்படுவோர் முதலில் பற்களை வெளுக்கச் செய்து, ஏறத்தாழ இரண்டு வாரம் நிறம் நிலைத்தபின் அதற்கேற்ற உறையைத் தேர்ந்தெடுப்பதே முறை.