எவரெஸ்ட் 8848.86 மீட்டர்... எங்கிருந்து?

(திரையில்: எவரெஸ்ட் உச்சியிலிருந்து தொங்கும் அளவு நாடா. அதன் கீழ்முனை மேகத்துக்குள் மறைகிறது.)

உலகத்துலயே உயரமான மலை எதுன்னு கேட்டா, சின்னப் பிள்ளைகூட எவரெஸ்ட்னு சட்டுனு சொல்லிடும். உயரம் 8848.86 மீட்டர். சரி, அந்த நாடாவோட கீழ்முனையை எங்க வெச்சு அளந்தாங்க? இடத்தை மாத்தினா பட்டமும் கை மாறிடும்.

(திரையில்: பூமியின் குறுக்குவெட்டு. மையத்திலிருந்து இரண்டு கோடுகள்.)

முதல்ல பூமியோட மையத்துல வெச்சுப் பாருங்க. இப்ப ஜெயிக்கிறது ஈக்வடார்ல இருக்குற சிம்போராசோ எரிமலை. கடல் மட்டத்துல இருந்து அது 6263 மீட்டர்தான். ஆனா பூமி சுத்துற வேகத்துல நடுவுல பிதுங்கியிருக்கு. துருவத்தைவிட நிலநடுக்கோட்டுல ஆரம் 21 கிலோமீட்டர் அதிகம். சிம்போராசோ அந்தப் பிதுக்கத்து மேலயே உட்கார்ந்திருக்கு, நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி தெற்குல. எவரெஸ்ட் 28 டிகிரி வடக்க தள்ளி நிக்குது. மையத்துல இருந்து சிம்போராசோ உச்சி 6384.4 கிலோமீட்டர், எவரெஸ்ட் 6382.3.

இந்தக் கணக்குல மிசிசிப்பி ஆறுகூட மேடேறித்தான் ஓடுது! அதோட முகத்துவாரம், அது உற்பத்தியாகுற இடத்தைவிட மையத்துல இருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

மலையோட அடிவாரத்துல இருந்து அளந்தா ஹவாயின் மௌனா கியா. தண்ணிக்கு மேல 4207 மீட்டர், மிச்சமெல்லாம் கடலுக்குள்ள. மொத்தம் 10,000 மீட்டரைத் தாண்டும்.

(திரையில்: மேடு பள்ளமாகக் கடல் பரப்பு.)

'கடல் மட்டம்னே வெச்சுக்குவோம், அதான் எல்லா இடத்துலயும் சமமா இருக்கே'ன்னு தோணும். அதுதான் இல்ல. நிலத்துக்கடியில பொருள் அடர்த்தியா இருக்குற இடத்துல ஈர்ப்பு கூடி, தண்ணி அங்க குவியுது; குறைஞ்ச இடத்துல தணியுது. இலங்கைக்குத் தெற்க இந்தியப் பெருங்கடல்ல அப்படி ஒரு பெரிய பள்ளம். கணித முறையில வரைஞ்ச வழவழப்பான பூமியைவிட 100 மீட்டருக்கு மேல கீழ. கப்பல்ல போறவங்களுக்கு இறங்குற மாதிரியே இருக்காது. அங்கயும் ஈர்ப்புக்குச் செங்குத்தாத்தான் தண்ணி நிக்குது.

கையில இருக்குற போன்லயே இது தெரியும். ஜிபிஎஸ் அந்த வழவழப்பான பூமியை வெச்சுத்தான் உயரம் சொல்லும். திருத்தம் போடாத ஆப்பை இலங்கையோட தென்கரையில திறந்தா, கடலோரத்துல நின்னாலும் மைனஸ் 90, 100 மீட்டர்னு காட்டும். போன் கெட்டுப்போகல. எவரெஸ்ட்டுக்கும் இதே தொல்லைதான்: உச்சியில கருவி வெச்சா மட்டும் போதாது, சுத்துவட்டாரத்துல ஈர்ப்பை அளந்து, மலைக்கடியில கடல் இருந்திருந்தா அது எந்த மட்டத்துல நிக்கும்னு கணக்குப் போடணும்.

(திரையில்: தியோடலைட் கருவி. பக்கத்தில் தூக்குக்குண்டு லேசாகச் சாய்கிறது.)

1850 வாக்குல செயற்கைக்கோள் ஏது? அளக்கப் போன ஆங்கிலேயர்களை நேபாளத்துக்குள்ள விடல. 150 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துல, சமவெளியில நின்னு தியோடலைட்ல கோணம் எடுத்தாங்க. காத்துல வெளிச்சம் வளையும், அதைக் கழிக்கணும். இமயமலையோ, எது நேர்கீழ்னு காட்டுற தூக்குக்குண்டையே தன் பக்கம் இழுக்குது. ஆனா இதுல ஒரு விசேஷம்: மலையோட எடையை வெச்சுக் கணக்குப் பார்த்தா, குண்டு சாய வேண்டிய அளவுல மூணுல ஒரு பங்குதான் சாஞ்சிருந்துச்சு. மலைக்குக் கீழ, அடர்த்தி குறைஞ்ச பாறை வேர் மாதிரி ஆழமா இறங்கியிருக்குன்னு 1855-ல ஜார்ஜ் ஏரி (George Airy)ங்கிற ஆங்கிலேய வானியலாளர் விளக்கம் சொன்னார். இந்தக் கதையிலயே எனக்கு இதுதான் உச்சம்.

1856-ல அறிவிச்ச உயரம் 29,002 அடி, அதாவது 8840 மீட்டர். இன்னைக்குச் சொல்ற அளவுக்கும் அதுக்கும் 9 மீட்டர்தான் வித்தியாசம்.

(திரையில்: உச்சியின் பனி, அடியில் பாறை.)

அடுத்த தகராறு மேல்முனையில. 2005-ல சீனா பாறையை மட்டும் அளந்து 8844.43 மீட்டர்னு சொல்லுச்சு. பனியையும் சேர்க்கணும்னு நேபாளம் நின்னுச்சு. 2020 டிசம்பர்ல ரெண்டு நாடும் சேர்ந்து அறிவிச்ச 8848.86, பனியோட சேர்த்த உயரம். பாறை வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் உயருது. மேல இருக்குற பனியோ ஒரே பருவத்துல அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்குது.