நேர்முகத் தேர்வு: வேலை அறிவிப்பிலிருந்து தயாராவது எப்படி?

வணக்கம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும் பலர் மாதிரிக் கேள்வி பதில்களைத் தேடியெடுத்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தை நீங்கள் விண்ணப்பித்த வேலையின் அறிவிப்புக்குக் கொடுங்கள். உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளில் பல அதற்குள்தான் இருக்கின்றன.

(திரையில்: வேலை அறிவிப்பு. ஒரு வரி அடிக்கோடிடப்படுகிறது.)

அறிவிப்பில் கேட்டிருக்கும் ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே, உங்கள் படிப்பிலோ பணியிலோ உண்மையாக நடந்த ஒரு நிகழ்வை ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத ஒன்றுமில்லாமல் வெறுமையாக நிற்கும் வரிகள்தாம் உங்கள் கவனத்துக்கு உரியவை.

இப்படிச் சொல்லக் காரணம் உண்டு. 1998ஆம் ஆண்டில் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்ற இரு உளவியலாளர்கள் 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணலே, போகிற போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட ஒருவரின் பிற்காலப் பணித்திறனை நன்றாகக் கணித்தது தெரியவந்தது. அத்தகைய நேர்காணல்களில் "நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்" என்ற வகைக் கேள்விகள் மிகுதி.

(திரையில்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு)

இவ்வகைக் கேள்விக்கான பதிலை இந்த நான்கு படிகளில் அமைப்பது வழக்கம். பெரும்பாலோர் இடறுவது மூன்றாவது படியில். சூழலை விவரிப்பதிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிட்டு, "குழுவாகச் சேர்ந்து சரிசெய்தோம்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் நீங்கள் செய்தது என்ன என்பது கேட்பவருக்குத் தெரியாமலே போகிறது. அதே பதிலை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கிடங்கின் கையிருப்பும் பதிவேடும் ஒத்துப்போகவில்லை. சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது. திரும்பி வந்த பொருள்கள் பதிவாகாததைக் கண்டுபிடித்து, அவற்றுக்குத் தனிப் படிவம் ஒன்றை உருவாக்கினேன். அடுத்த மாதக் கணக்கு நேரானது." நான்கே வாக்கியங்கள்தாம்; ஆனால் அடுத்த கேள்வி அந்தப் படிவத்தைப் பற்றியே வரும், அதற்கு உங்களைவிட நன்றாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது.

எழுதிய குறிப்புகளை மனத்துக்குள் படித்தால் போதாது. வாய்விட்டுச் சொல்லி, கைபேசியில் பதிவுசெய்து கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்த இடத்தில் பேச்சு சுற்றி வளைக்கிறது என்பது அப்போதுதான் காதில் விழும். சொல்லுக்குச் சொல் உருப்போடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் ஒரு சொல் மறந்தால் மொத்தப் பதிலும் அறுந்துவிடும்.

சான்றிதழ்கள், உடை, செல்லும் வழி ஆகியவற்றை முந்தைய மாலையிலேயே முடித்துவிடலாம். இணையவழி நேர்காணல் என்றால் ஒலிவாங்கியையும் கேமராவையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இறுதியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "இந்தப் பணியில் சேருபவர் முதல் 3 மாதங்களில் எதைச் செய்து முடித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வரும் பதிலைக் கவனமாகக் கேட்டால், அந்த வேலை உங்களுக்கு ஏற்றதுதானா என்று நீங்களும் முடிவு செய்ய முடியும்.