எருசலேமைக் குழந்தைகளுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எருசலேமின் பழைய நகரம் ஏறத்தாழ ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பே உடையது. யூதர், கிறித்தவர், இசுலாமியர் ஆகிய மூன்று சமயத்தாரும் உயிரினும் மேலாகப் போற்றும் இடங்கள் அதற்குள் நெருங்கி நிற்கின்றன. ஓர் இடம் ஏன் புனிதமாகிறது என்பதைப் பத்து வயதுக் குழந்தைக்கு விளக்க, இதைவிடத் தக்க பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால், "அது யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வியில் தொடங்கினால் பாடம் முதல் நாளே கெட்டுவிடும், அங்கே வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் தொடங்க வேண்டும்.

மேற்குச் சுவர், யூதர்களின் பழைய கோயில் நின்ற கோயில் மலையை ஏரோது மன்னன் விரிவாக்கியபோது எழுந்த தாங்குசுவரின் ஒரு பகுதி. கி.பி. 70இல் உரோமானியர் கோயிலை அழித்துவிட்டனர். ஆயினும், யூதர்கள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் எருசலேமை நோக்கியே வழிபடுகிறார்கள். சுவர்முன் நிற்பவர்கள் தம் வேண்டுதலைச் சிறு தாளில் எழுதிக் கல்லிடுக்கில் செருகுகிறார்கள். அத்தாள்கள் ஆண்டுக்கு இருமுறை, எவராலும் படிக்கப்படாமலே திரட்டப்பட்டு, ஒலிவ மலையில் புதைக்கப்படுகின்றன. பிறருடைய வேண்டுதலைப் பிரித்துப் பார்க்கலாகாது என்பது எந்தக் குழந்தைக்கும் உடனே புரிகிறது. யூதரல்லாதவர்களும் அங்கே தாள் வைக்கலாம். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இந்த இடங்கொடுத்தல் இன்று நேற்று வந்ததன்று. முதல் கோயிலை அர்ப்பணித்த சாலொமோன் மன்னன், தூர தேசத்திலிருந்து வரும் அந்நியன் இங்கே வேண்டினால் அவனுக்கும் செவிசாய்க்க வேண்டும் என்று இறைவனிடம் மன்றாடியதாக எபிரேய வேதம் கூறுகிறது. பின்னர் உரோமானியர் அழித்த இரண்டாம் கோயிலின் வெளிமுற்றத்துக்குள் எல்லாரும் வர முடிந்தது. ஆனால், உள்வேலியை யூதரல்லாதவர் கடந்தால் மரணம் என எச்சரித்த கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கண்டெடுக்கப்பட்டு இசுதான்புல்லில் உள்ளது. இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் வரவேற்பும் எல்லையும் சேர்ந்ததே புனித இடம்.

அதே மலையில் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பாறைக் குவிமாடமும், அருகிலுள்ள அல்-அக்சா பள்ளிவாசலும் இசுலாமியருக்கு நபிகளின் விண்ணேற்றத்தை நினைவூட்டுகின்றன. சற்றுத் தொலைவில், இயேசுவின் கல்லறைக் கோயிலின் சாவியைப் பல நூற்றாண்டுகளாகக் காத்துவருவது ஒரு முசுலிம் குடும்பம். வகுப்பில் நான் விரும்பிச் சொல்லும் செய்தி இது.

பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் கசப்பானவற்றையும் சொல்லியாக வேண்டும். 1948 முதல் 1967 வரை யோர்தானின் ஆட்சியில் யூதர்கள் மேற்குச் சுவரை அணுக முடியவில்லை. 1967இல் இசுரேல் அப்பகுதியைக் கைப்பற்றியதும், சுவர்முன் திறந்தவெளி அமைப்பதற்காக, வட ஆப்பிரிக்க வழிவந்த முசுலிம்களின் மொகராபிக் குடியிருப்பு இடிக்கப்பட்டு, அங்கிருந்த குடும்பங்கள் வீடிழந்தன. இரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே குரலில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கேட்டு வீடு திரும்பும் குழந்தை, மற்றவருடைய வேண்டுதல் தாளைப் பிரிக்காமல் விடக் கற்றிருக்காது.

வணக்கம்.